உட்காரக் கூடாத பெட்டி

அத்தியாயம் 14

விடிந்தும் விடியாத வேளையில் நாணல்மேடு ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஏரியிலிருந்து எழுந்து வரும் பனி முதலில் தண்டவாளத்தை மறைக்கும், பிறகு சிக்னல் கம்பத்தை, கடைசியில் டிக்கெட் ரூமின் ஓட்டுக் கூரையை. நாரைகள் மட்டும் ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்.

பிரின்சிக்கு இந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அஞ்சு நிமிஷம் சும்மா நிற்பாள். பனிக்குள்ளிருந்து பழைய காலத்து வண்டி ஒன்று நிஜமாகவே வந்து நின்றுவிடும் போலிருக்கும். வந்தால் ஏறிக்கொள்வோமா, மாட்டோமா என்று யோசிப்பாள். யோசித்து முடிப்பதற்குள் யாராவது வந்து டாய்லெட் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

இன்றைக்கு சனிக்கிழமை. இன்று அவள் நிற்கவில்லை. நேரே ஷெட்டுக்கு நடந்தாள்.

போன வாரம் அவளை அந்த ஷெட்டில்தானே விட்டுவிட்டு வந்தோம்? நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம், எந்தக் காலத்திலோ ஒரு உப்புக் கம்பெனி தனக்கென்று போட்டுக்கொண்ட ஒன்பது கிலோமீட்டர் சின்ன ரயில் பாதை இது. எழுபத்தொன்றில் நின்றுபோய், வேலிகாத்தான் முள்மரம் முளைத்துக் கிடந்தது. மூன்று வருஷமாக ஒரு டூரிசம் கம்பெனி எடுத்து ஓட்டுகிறது. இன்ஜின் பார்வைக்கு நீராவி, வயிற்றுக்குள் டீசல். புகை வருவது, கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் நுழையும்போது விடுவார்களே, அந்த மெஷினிலிருந்து. கூவுவது ஸ்பீக்கர். வருகிற ஜனங்களுக்கு அது போதும், குழந்தைகள் கைதட்டுகின்றன. கைடு வேலை பார்க்கும் பிரின்சியும் அதைக் குறை சொன்னதில்லை.

ஆனால் ஏழாம் நம்பர் பெட்டி நிஜம். கூரை கிடையாது. இடுப்பு உயரத்துக்கு நாலு பக்கமும் இரும்புத் தகடு, அவ்வளவுதான். உப்பு வாருகிற கூலி ஆட்களை ஏற்றிப் போன பெட்டி. அதன் உள்பக்கத் தகட்டில், பச்சைப் பெயிண்டுக்கு அடியில், பழைய எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்தவள் பிரின்சிதான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'ஆள் 40. உட்காரக் கூடாது.'

அன்றைக்கு வீட்டுக்குப் போயும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மானேஜர் துளசிராமனுக்கு அந்தப் பெட்டியில் குஷன் சீட் போட்டு, கலர் குடை விரித்து, செல்ஃபி கோச் ஆக்க வேண்டும். பிரின்சிக்கு அது இருந்தபடியே இருக்க வேண்டும். ரெண்டில் எது என்று சொல்ல, பாரம்பரியக் குழுவிலிருந்து இன்று மத்தியானம் மூன்று மணிக்கு தமிழ்செல்வி மேடம் வருகிறார். எழுத்து பழசுதான் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் பெட்டி தப்பும். கதை இவ்வளவுதான். இனி ஷெட்டுக்குள் போகலாம்.

கதவு திறந்திருந்தது. உள்ளே நைட் ஷிஃப்டில் இருக்க வேண்டிய அவள் புருஷன் சாம்சன் நின்றுகொண்டிருந்தான். தலை முதல் கால் வரை தூசி. கண்ணைச் சுற்றி மட்டும், கண்ணாடி போட்டிருந்த இடம் வட்டமாகச் சுத்தமாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா பாக்குற? உள்ள வா. ஷிஃப்டுக்கு லீவ் போட்டுட்டு ராவெல்லாம் இங்கதான் கீறேன்."

அவனுக்குப் பின்னால் ஏழாம் நம்பர் பெட்டி புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது.

சாம்சனுக்குக் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ப்ளாஸ்டிங் வேலை. காற்றின் வேகத்தில் மணலை அடித்து, இரும்பின் மேலிருக்கிற துருவையும் பெயிண்டையும் உரிக்கிற வேலை. அவன் அடித்த தகட்டில் முகம் பார்க்கலாம் என்று சூப்பர்வைசரே சொல்லுவார். தொழிலில் கெட்டிக்காரன், பெண்டாட்டி மேல் உயிர். ரெண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பிரின்சி இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்து எங்க?" என்றாள்.

"அதான் பச்ச பெயிண்டு போச்சுல்ல, இனிமே பளிச்சுனு தெரியும் பாரு. உன் மேடம் வந்து டார்ச்சு புடிச்சுக்கினு கஷ்டப்பட வேணாம்னுதான் பண்ணேன்." சாம்சன் தகட்டைக் கையால் துடைத்தான். இன்னொரு தரம் துடைத்தான். அந்தப் பக்கத் தகட்டுக்குப் போனான். அவன் கை மெல்ல நின்றது. "பஞ்ச் அடிச்சதுதான அது?"

"பெயிண்டுல எழுதுனது, சாம்சன்."

"எங்க கம்பெனில நம்பர்லாம் இரும்புலயே பஞ்ச் அடிச்சிடுவாங்க. எத்தினி தபா ப்ளாஸ்ட் பண்ணாலும் போவாது. அந்த மாதிரின்னு நெனச்சேன்."

பிரின்சி தண்டவாளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் இமையெல்லாம் மண்ணாக இருந்தது, அந்த மண்ணுக்குள் கண் கலங்கிப்போய் அவளையே பார்த்தது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு வார்த்த என்ன கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சர்ப்ரைஸா எப்டி பண்றது?" என்றான் சாம்சன்.

எட்டு மணிக்குப் பனி விலகியது. ஏரி வெளிறிய நீலமாகக் கிடந்தது, அதன் கோடியில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்கள் கால் இல்லாமல் காற்றில் நின்றுகொண்டிருந்தன. ஒன்பது மணிக்கு, திருநின்றவூரிலிருந்து துளசிராமனின் கார் வந்து சேர்ந்தது.

அவர் கெட்டவர் இல்லை. பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், சாம்சன் தோளில் கை போட்டார்.

"பிரமாதமா பண்ணியிருக்கப்பா. ஏம்மா பிரின்சி, ஏன் இப்படி உட்கார்ந்திருக்க? பழைய எழுத்து வேணும், அவ்வளவுதானே? நம்ம பெயிண்டரை விட்டு 'தேர்ட் கிளாஸ்'னு இங்கிலீஷ்ல பெருசா எழுதி, அங்கங்க கொஞ்சம் உரிச்சு விட்டுடலாம். ஜனங்க அதைத்தான் போட்டோ எடுப்பாங்க."

"இதுல கிளாஸே கிடையாது சார். டிக்கெட்டும் கிடையாது."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். லீவுக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டு வர்றவனுக்கு எதுக்கும்மா அது? இந்த லைன் ஓடினாத்தான் உனக்கும் எனக்கும் சம்பளம். மியூசியம்னு சொன்னா நாலு பேர் வருவான், செல்ஃபின்னா நாப்பது பேர் வருவான்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் பிரின்சிக்குப் பேஜாராக இருந்தது. பதினோரு மணி ட்ரிப்பில் அவள் மைக்கைப் பிடித்து நாரை, உப்பளம், ஏரி என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மனசு பெட்டியிலேயே இருந்தது. ரெண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் வெயிலில் கண் கூசின. அந்த வெளிச்சத்துக்குள் நாற்பது பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றபடி போவது மாதிரி ஒரு கணம் தோன்றியது. ஒருத்தர் முகமும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது சாம்சன் ஷெட் வாசலில் ஒரு சின்ன டப்பாவும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருந்தான். காலையில் வெள்ளையாக இருந்த தகட்டில், கடல் காற்றுக்கு, அங்கங்கே துரு மஞ்சளாகப் பூக்கத் தொடங்கியிருந்தது.

"சொல்றத கேளு," என்றான் தணிந்த குரலில். "நானே எழுதிடறேன். அதே எழுத்து, அதே எடம். நீ சொல்லு, நான் எழுதறேன். மேல டீ டிகாஷன் பூசி, உப்புத் தண்ணி அடிச்சா ரெண்டு மணி நேரத்துல அம்பது வருஷத்து எழுத்தாயிடும். எந்த மேடத்துக்கும் தெரியாது."

பிரின்சி பிரஷ்ஷைப் பார்த்தாள். ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். நடந்ததைத்தானே எழுதப் போகிறோம், பொய்யாக ஒன்றும் எழுதவில்லையே என்று மனசு வாதாடியது. அஞ்சே நிமிஷ வேலை. சாம்சன் முகமும் தெளிந்துவிடும்.

"வேணாம்பா."

"ஏன்?"

"நீ எழுதுனா அது நீ எழுதுனது. அந்தக் கம்பெனிக்காரங்க எழுதி வெச்சதாத்தான் அது இருக்கணும். நாமளே எழுதிக்கினு, பாருங்க எங்கள எப்டி நிக்க வெச்சாங்கன்னு எப்டி காட்றது? நாளைக்கி ஒருத்தன் கண்டுபுடிச்சான்னா மொத்தமும் கட்டுக்கதன்னுடுவான்."

சாம்சன் டப்பாவை மூடினான். அடித்து மூடவில்லை, மெதுவாகத்தான் மூடினான். இந்த வருத்தம் லேசில் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது.

ரெண்டரை மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து பாக்கியநாதன் இறங்கினார். சாம்சனுடைய அப்பா. அறுபத்தெட்டு வயது, இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் இருபது வருஷம் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். இந்த ரயில் ஓடத் தொடங்கி மூன்று வருஷத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

அவரைப் பார்த்ததும் பிரின்சிக்கு நெஞ்சு துள்ளியது. போன வாரம், செல்போனில் பெட்டியின் மங்கலான போட்டோவை அவரிடம் காட்டியபோது, "நாங்கூட ஏறிக்கீறேம்மா, பத்து வயசுல" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். சொல்லிவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். எழுத்து போனால் போகட்டும், ஏறின ஆளே இருக்கிறாரே.

"சீட்டு எப்பம்மா போடறாங்க?" என்றார் பாக்கியநாதன், பெட்டியைச் சுற்றி வந்துகொண்டே.

"போடக் கூடாதுன்னுதான் மாமா நான் மல்லுக்கட்டிக்கினு கீறேன்."

"ஏன்? நல்லதா நாலு சீட்டு போடட்டுமே. மெத்தையா போடட்டும். நிக்க வெச்சதத்தான் ஊருக்கே காட்டணுமா?"

மூன்று வாரமாக யார் யாருக்கோ பதில் தயார் செய்தவள், இவர் இதைக் கேட்பார் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

"மாமா, மேடம் கேட்டா நீங்க ஏறுனத சொல்லுவீங்களா?"

பாக்கியநாதன் ஏரியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் பிரின்சி. அன்றைக்கு அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

மூன்று மணிக்குச் சொன்னபடி வந்தார் தமிழ்செல்வி மேடம். ஐம்பது வயது, கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை. கூட ரெண்டு பேர். வந்ததும் டீ வேண்டாம் என்றார், பெட்டிக்குப் போகலாம் என்றார். துளசிராமனுக்கு அப்போதே லேசாக வேர்த்தது.

மேடம் தகட்டின் மேல் விரலை ஓட்டினார். மஞ்சள் துரு நுனிவிரலில் ஒட்டிக்கொண்டது.

"எழுத்து இருக்குன்னு லெட்டர்ல எழுதியிருந்தீங்களே?"

"இருந்தது மேடம். நேத்து ராத்திரி போயிடுச்சு," என்றாள் பிரின்சி. "சுத்தம் பண்றேன்னு எங்க வீட்டுக்காரரு ப்ளாஸ்ட் பண்ணிட்டாரு. அவருக்குத் தெரியாது. போட்டோல சரியா விழல."

நாலடி தள்ளி நின்ற சாம்சன் தலையைக் குனிந்துகொண்டான். மேடம் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பச்சைப் பெயிண்டு மேல் ஒரு நிழல், அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"உண்மையைச் சொன்னதுக்கு சந்தோஷம்மா. ஆனா இதை வச்சு நான் எதுவும் எழுத முடியாதே. இதுல ஏறிப் போனவங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம்." பிரின்சி திரும்பினாள். "எங்க மாமனாரு ஏறியிருக்காரு. பத்து வயசுல."

எல்லோரும் திரும்பினார்கள். மேடம் கூட வந்த ரெண்டு பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மூன்றரை ட்ரிப்புக்குக் காத்திருந்த ஜனத்திலிருந்தும் நாலு கை உயர்ந்தது. வெள்ளைச் சட்டையில் நடுவே நின்றார் பாக்கியநாதன். முதலில் செல்போன்களைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார்.

"நானா?" என்றார். "நான் ஏறுனதில்லயே."

"மாமா..."

"எங்க ஊட்ல யாரும் உப்பு வேலைக்குப் போனதில்லம்மா. பாப்பா வேற யாரோ சொன்னத மாத்தி வெச்சிக்கினு கீது." சிரித்துக்கொண்டே சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிரின்சிக்குக் காது அடைத்துப்போனது. துளசிராமன் செருமிக்கொண்டார். வந்ததே வந்தீர்கள், பெட்டியை வண்டியில் கோர்த்திருக்கிறோம், ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துவிடலாமே என்றார். கேன்டீனிலிருந்து பிளாஸ்டிக் சேர்கள் வந்தன. ஏழாம் நம்பர் பெட்டியில் எட்டு சேர் போட்டார்கள். மேடம் உட்கார்ந்தார், துளசிராமன் உட்கார்ந்தார், கூட வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சாம்சன் ஓர் ஓரமாக உட்கார்ந்தான். மெத்தை சீட்டு கேட்ட பாக்கியநாதன் மட்டும் உட்காரவில்லை.

"உட்காருங்க ஐயா," என்றார் மேடம்.

"பரவால்லம்மா. வாட்ச்மேன் வேல பாத்தவன், நின்னே பழக்கம்."

ஸ்பீக்கர் கூவியது. கல்யாணப் புகை கிளம்பியது. வண்டி நகர்ந்தது.

சாயங்கால வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உப்புப் பாத்திகளில் வானம் இறங்கிக் கிடந்தது. தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று தண்ணீர் மேல் வெளிர் ரோஜாக் கோடாக நின்றது. எஸ்டேட் புகைபோக்கிகள்கூட அந்த வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தன. வண்டி அத்தனை மெதுவாகப் போனதில், ஓடுவது தாங்களா ஏரியா என்று சந்தேகமாக இருந்தது. பிரின்சியும் தன் தோல்வியை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

பாக்கியநாதன் வலது காலை அரையடி பின்னால் வைத்தார். இடது கை தகட்டின் விளிம்பை, உள்பக்கமாக, நாலு விரல் மடக்கிப் பிடித்தது. பாதை நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதற்கு என்று அவள் யோசிப்பதற்குள் சவுக்குத் தோப்பு வந்தது, தோப்பை ஒட்டி வளைவு வந்தது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் சாய்ந்தது. சேர்கள் எட்டும் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் போயின. துளசிராமன் மேடத்தின் துணிப்பையில் விழுந்தார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாக்கியநாதன் மட்டும் அசையவில்லை.

பிரின்சி எழுந்து, தகட்டைப் பிடித்துப் பிடித்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கை இன்னும் விளிம்பை விடவில்லை.

"மாமா."

"சொல்லாதம்மா." அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். "எங்கம்மா ஒரு நாளு உக்காந்துட்டா, பிரின்சி. வாயும் வயிறுமா இருந்தா. நிக்க முடியல, உக்காந்துட்டா. இந்தத் தோப்பு வரைக்கும் என் கைய புடிச்சிக்கினு இருந்தா. இங்க வண்டிய நிறுத்தி எறக்கி உட்டுட்டாங்க. நான் நின்னுக்கினே போயிட்டேன்."

"அப்பறம்?"

"சாங்காலம் திரும்பி வரும்போது அவ இங்க இல்ல."

சவுக்குத் தோப்பு பின்னால் போய்க்கொண்டிருந்தது. மரங்களுக்கு நடுவே வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது, அங்கே யாரும் இல்லை. பிரின்சிக்குக் கண்ணீர் வந்தது. மூன்று வாரமாக அவள் தேடியது அவர் வாயில் இருந்தது. இந்தப் பெட்டியைக் காப்பாற்ற அந்த நாலு வாக்கியம் போதும். இந்த மனுஷனைத் தெருவில் நிற்க வைக்கவும் அதுவே போதும்.

"என்னம்மா சொல்றாரு உங்க மாமனார்?" பின்னாலிருந்து தமிழ்செல்வி மேடத்தின் குரல் வந்தது. சேரை இழுத்துப் போட்டு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாம்சனும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இது எதுவும் தெரியாது.

பிரின்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம்," என்றாள். "காத்து அதிகமா இருக்குதாம்."

மேடம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வளைவிலும் அசையாமல் விளிம்பைப் பிடித்திருந்த பாக்கியநாதனின் கையை ரொம்ப நேரம் பார்த்தார். பேனாவைத் திறந்து, நோட்டில் எதையோ எழுதத் தொடங்கினார்.